தெரியாத அப்பனுக்கு ஓர் அடையாளம்

மெலிஸ் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கராகோல் சந்தைக்குப் பின்புறம் இருக்கிற என் டயர் கடையில், சுவரோரமாக ஒரு பழைய பேருந்து இருக்கை கிடக்கும். வண்டியை விட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்கள் எல்லாரும் அதில்தான் சாய்வார்கள். இவன் சாய மாட்டான். காற்றடிக்கும் இயந்திரத்தின் தலையில் கணினியை வைத்துக்கொண்டு நின்றபடியே தட்டுவான். நாலு வரி தட்டுவான், வாசலுக்குப் போவான், மலையைப் பார்ப்பான், திரும்பி வந்து அதில் இரண்டு வரியை அழிப்பான். கையில் தேநீரைக் கொடுத்தால் ஆறிப்போகிற வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பான்.

"டேய், தரை தேயுதுடா" என்பேன்.

"தேயட்டும்ணே. வழுக்காம இருக்கும்" என்பான்.

கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தான். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தவன். பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவன். தன்னை அங்கே விட்டுப் போனது யார் என்று அவனுக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு மதிப்பெண் போட, மருந்துக் கடைக்கு இருப்புப் பார்க்க என்று எதற்காவது நிரல் எழுதிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தான். ஆனால் ஊரில் மெலிஸ் என்றால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது அவனுடைய ஏழு அப்பன் நிரல்தான்.

எங்கள் மலைநாட்டில் ஆண்பிள்ளை என்றால் தன் ஏழு அப்பன்மாரின் பெயரை, அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா என்று ஏழு தலைமுறைக்கு, மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். பெண் கேட்டுப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். இரண்டு வீட்டு வரிசையிலும் ஏழுக்குள் ஒரே ஆள் வந்துவிட்டால் கல்யாணம் கிடையாது, எழுந்து வந்துவிட வேண்டியதுதான். பெயர் ஒன்றாக இருப்பது பெரிதில்லை. ஆள் ஒன்றா, எந்தக் குலம், எந்தப் பள்ளத்தாக்கு, யாருக்கு எத்தனையாவது மகன், இதையெல்லாம் வைத்துப் பெரியவர்கள் பொழுது சாயும் வரை சண்டை போடுவார்கள். மெலிஸ் அந்தச் சண்டையைத் தூக்கிக் கணினிக்குள் போட்டான். பையனை ஒரு பக்கம், பெண்ணை ஒரு பக்கம் போட்டுத் தட்டினால் போதும். சொந்தமா இல்லையா என்று அது சொல்லிவிடும்.

அப்பன் இல்லாதவன் எல்லாருக்கும் அப்பன் வரிசை போடுகிறான் என்று சந்தையில் சிரித்தார்கள். அவன் காதில் விழாமல் இல்லை.

அந்த நிரலில் அவன் அதிகமாக அலைக்கழிந்தது பெயர் தெரியாத அப்பன்களுக்காகத்தான். முதலில் அந்த இடத்தைச் சும்மா விட்டான். சும்மா விட்டால், இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தமா, கேட்டும் யாருக்கும் தெரியவில்லை என்று அர்த்தமா என்று புரியவில்லையாம். ஏதாவது ஒரு பெயரைப் போட்டு வைக்கலாம் என்றால் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒருவன் எங்காவது இருப்பான். கடைசியில் அவன் நிரல் எழுதுகிற மொழியிலேயே புதிதாக ஓர் அடையாளத்தைச் செய்தான். அது எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. எவனும் தன் பிள்ளைக்கு வைக்க முடியாத ஒன்று. திரையில் மட்டும் 'தெரியாது' என்று காட்டும்.

"எந்தப் பெயரோடயும் இது ஒட்டாதுண்ணே" என்றான். "உலகத்துலயே இது ஒண்ணுதான்."

அன்றைக்கு அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதையும் நடந்துகொண்டேதான் அனுபவித்தான்.

சந்தையில் புருல் என்று ஒருத்தி ரொட்டி விற்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அப்பா சின்ன வயதிலேயே போய்விட, பெரியப்பா ஒஸ்மோனாலி வீட்டில் வளர்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம். காலையில் சூட்டோடு ரொட்டி கொண்டுவந்து என் கடையில் வைப்பாள், மெலிஸ் நடந்துகொண்டே தின்பான், அவள் திட்டிக்கொண்டே பார்ப்பாள்.

"குதிரைகூட நின்னுதான் மேயுது. இது நடந்துக்கிட்டே மேயுதே!"

இது எங்கே போய் முடியும் என்று எனக்கும் என் மனைவி கலிபாவுக்கும் அவர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அந்த இலையுதிர் காலத்தில் மெலிஸ் பெண் கேட்டான். புருல் தெளிவாகச் சொன்னாள்: "பெரியப்பா சரின்னு சொன்னா வர்றேன். என்னைத் தூக்கி வளர்த்த மனுஷன், அவரை மீறி வரமாட்டேன். இல்லைன்னு சொல்லிட்டா, முதல் பனி விழுறப்ப அத்தை மக கூட ரஷ்யாவுக்குப் போயிடுறேன். ஓட்டல் சமையல் வேலை காத்துக்கிட்டு இருக்கு. இங்க தினம் உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு ரொட்டி விக்க என்னால ஆகாது."

மலை உச்சியில் அப்போதே வெள்ளை இறங்க ஆரம்பித்திருந்தது.

ஒஸ்மோனாலிக்கு எழுபது தாண்டியிருந்தது. ஊரின் ஏழு அப்பன் விவகாரங்களுக்கெல்லாம் அவர்தான் தலைமை. மெலிஸின் நிரலை ஊர் ஏற்றுக்கொண்டதே அவர் ஏற்றுக்கொண்டதால்தான். போன வருடம் அவருடைய மச்சான் மகன் கல்யாணத்தையே, இரண்டு வரிசையும் ஒட்டுகிறது என்று நிரல் சொன்னதால், ஆடு அறுத்த பிறகு நிறுத்தினார். அந்த வீட்டார் இன்றைக்கும் அவரோடு பேசுவதில்லை.

அவர் புருலோடு கடைக்கு வந்தார். கம்பளித் தொப்பியைக் கழற்றாமல் பேருந்து இருக்கையில் உட்கார்ந்தார். புருல் தன் வரிசையை முன்பே கணினியில் ஏற்றியிருந்தாள். அப்பா, தாத்தா. அதற்கு மேல் 'தெரியாது'. அவளுடைய தாத்தா, அதாவது ஒஸ்மோனாலியின் அப்பா, பஞ்ச காலத்தில் வழியில் கிடந்த குழந்தை. ஓர் ஆட்டு இடையன் எடுத்து வளர்த்தான். ஒஸ்மோனாலி சபையில் சொல்வது அந்த இடையனின் வரிசையைத்தான். ஆனால் கல்யாணத்துக்கு ரத்தம்தான் கணக்கு என்பதால் புருல் உள்ளதை உள்ளபடி போட்டிருந்தாள். மெலிஸின் வரிசையோ அப்பனிலேயே 'தெரியாது'.

மெலிஸ் தட்டினான். 'பொது மூதாதை உண்டு' என்று வந்தது.

அந்த ஒரு முறைதான் அவன் அசையாமல் நின்று பார்த்தேன். கை அப்படியே விசைகளின் மேல் இருந்தது. உதடு கோணியது. அழப்போகிறானா சிரிக்கப்போகிறானா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு திரையில் விரலை வைத்து வரி வரியாகப் படித்தான். நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டான்.

"தப்பு. இது தப்பு பெரியவரே. நிரல்ல தப்பு."

"என்ன சொல்லுது?" என்றார் ஒஸ்மோனாலி.

"என் அப்பாவும் உங்க அப்பாவைப் பெத்தவரும் ஒரே ஆளுன்னு நினைச்சுக்கிச்சு."

அவர் விரலை மடக்கிப் பார்த்தார். "அப்ப நீ என் அப்பனுக்குத் தம்பி. எனக்குச் சித்தப்பன்."

புருல் சிரித்துவிட்டாள். பெரியவர் சிரிக்கவில்லை.

"வயசைப் பாருங்க பெரியவரே, ஒத்து வருமா?" என்றேன் நான்.

"வயசு எனக்குத் தெரியும். இயந்திரம் ஒட்டுதுன்னு சொல்லுது."

"இப்பவே சரி பண்ணிடுறேன். கொஞ்ச நேரம்..." என்று மெலிஸ் கணினியைத் தன் பக்கம் திருப்பினான்.

"கையை எடு." பெரியவர் எழுந்துவிட்டார். "என் மச்சான் மகனுக்கு இயந்திரம் சொன்னதுதான் முடிவுன்னு நிறுத்தினேன். ஆட்டைக் கொன்னவன் அழுதான், நான் அசையலை. இப்ப என் வீட்டுப் பொண்ணு விஷயத்துல, மாப்பிள்ளையே இயந்திரத்தைத் திறந்து வேற பதில் வர வைப்பான், நான் பக்கத்துல உட்கார்ந்து தேநீர் குடிக்கணுமா? ஊர் என் மூஞ்சில துப்பும்."

புருல் அவர் பின்னாலேயே போனாள். வாசலில் ஒரு முறை திரும்பினாள். மெலிஸ் பார்க்கவில்லை, நடக்க ஆரம்பித்துவிட்டான்.

எனக்கு எதுவும் புரியவில்லை என்று சொன்னேன். அவன் என்னை இழுத்துக்கொண்டு பின்கொட்டகைக்குப் போனான். கோடை டயர்களை என்னிடம் விட்டுவிட்டுக் குளிர்கால டயர் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஆள் பெயரைச் சாக்பீஸால் எழுதி வைப்பேன். யாருடையது என்று மறந்துபோனதில் ஒரு பெருக்கல் குறி போடுவேன்.

"இது யாருதுண்ணே?"

"தெரியாது."

"அது?"

"அதுவும் தெரியாது."

"ரெண்டுலயும் பெருக்கல் போட்டிருக்கு. அப்ப ரெண்டும் ஒரே ஆளுதா?"

"லூசாடா நீ? அது லாரி டயர், இது லாடா கார் டயர்."

"என் நிரல் அதைத்தாண்ணே சொல்லிச்சு. எந்தப் பெயரோடயும் ஒட்டக் கூடாதுன்னு யோசிச்சேன். அந்த அடையாளம் தன்னோடவே ஒட்டிக்கும்னு யோசிக்கலை. உலகத்துல ஒண்ணே ஒண்ணுன்னு பெருமை வேற. தெரியாதவன் ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா ஒண்ணு செஞ்சிருக்கணும்."

பெருக்கல் போட்ட டயரை ஒரு உதை விட்டான். அப்புறம் அதையே தடவிக் கொடுத்தான். "முதல்ல ஒட்டுதுன்னு வந்தப்ப, ஒரு நொடி... எனக்கும் ஒரு சொந்தம் இருக்குன்னு நினைச்சுட்டேண்ணே. கல்யாணம் போச்சுங்கறதுகூட உறைக்கலை."

"போய்ச் சாப்பிடு" என்றேன்.

ஒஸ்மோனாலி மறுபடி வந்தார், தனியாக, பின்வாசல் வழியே. பெண்ணின் முகம் வாடிக் கிடப்பதை அவராலும் தாங்க முடியவில்லை போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இயந்திரத்தை மாத்தாதே. உன் அப்பனை மாத்து. பழைய பெயரா ஏழு பெயர் எழுதிடு. இப்ப யாரும் வைக்காத பெயரா இருக்கட்டும். தட்டினா ஒட்டாது. நானும் சரின்னுடுவேன். யாருக்குத் தெரியப் போகுது?"

மெலிஸ் நடப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னான். "எங்க இல்லத்துல அப்பா பெயர் தெரியாத பிள்ளைங்க எல்லாருக்கும் மேலாளர் ஒரே பெயர் போட்டுட்டாரு. அவரோட அப்பா பெயர். பட்டாளத்துல அப்பா பெயரை வச்சுத்தான் கூப்பிடுவாங்க. அந்தப் பெயரைக் கூப்பிட்டா அஞ்சாறு பேரு சேர்ந்து 'இருக்கேன்'னு சொல்லுவோம். வாயை மூட முடியாம சிரிப்பானுங்க. அந்த ஆளு கல்லறையைத் தேடிப் போய்க்கூடப் பார்த்தேன் பெரியவரே. கல்லுல படம் இருந்துச்சு. மூக்கு என் மூக்கு மாதிரியே பட்டுச்சு. அவருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னு தெரியும், ஆனாலும் பட்டுச்சு. பொய்ப் பெயர் எழுதினா அது என்னிக்காவது நிஜமான ஒருத்தன் மேல போய் விழும். நான் எழுத மாட்டேன்."

"அப்ப பொண்ணு வேண்டாமா?"

"வேணும். பொய்யான அப்பன்தான் வேண்டாம்."

பெரியவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு போய்விட்டார். மெலிஸ் மாடிக்குப் போனான். தலைக்கு மேலே காலடிச் சத்தம் ஓயவே இல்லை. "பலகை உடைஞ்சு உங்க தலையில விழப்போகுது" என்றாள் கலிபா. "ஏதாவது செய்யுங்களேன். டயரை மட்டும்தான் கழட்டத் தெரியுமா?"

எனக்கு டயரை மட்டும்தான் கழற்றத் தெரியும். அதனால் அதைச் செய்தேன்.

ஒஸ்மோனாலியின் பழைய நிவா ஜீப்புக்குக் குளிர்கால டயர் மாற்ற வேண்டியிருந்தது. ஊரில் வேறு கடை இருந்தாலும் அவர் என்னிடம்தான் வருவார், பழக்கம். அதற்கு முந்திய நாளே புருலைக் கூப்பிட்டு என் நாய் மொய்னோக்கைக் கணினியில் ஏற்றச் சொல்லியிருந்தேன். மெலிஸ் இன்னும் கை வைக்காத பழைய நிரல் என் கடைக் கணினியிலும் இருந்தது. அவள் முதலில் மறுத்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு ஏற்றினாள். மொய்னோக்கின் அப்பன் யார் என்று யாருக்குத் தெரியும்? 'தெரியாது'.

வண்டியை உயர்த்தி முன்சக்கரம் இரண்டையும் கழற்றிப் போட்டேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "பெரியவரே, இயந்திரம் சொன்னா சொன்னதுதானே?"

"சொன்னதுதான்."

"புருல், தட்டும்மா."

ஒரு பக்கம் ஒஸ்மோனாலி, ஒரு பக்கம் மொய்னோக். 'பொது மூதாதை உண்டு.'

"உங்க அப்பாவைப் பெத்தவரும் இதோட அப்பனும் ஒரே ஆளாம்" என்றேன். "மெலிஸ் சித்தப்பான்னா இதுவும் சித்தப்பாதான். மரியாதையா எழுந்து இடம் விடுங்க, பாவம் நிக்குது."

அவர் முகம் சுட்ட செங்கல் மாதிரி ஆனது. கையில் எப்போதும் வைத்திருக்கும் குதிரைச் சாட்டை மேலே போனது. எங்களில் ஒருவனை நாயோடு சேர்த்துச் சொல்வது சின்ன விஷயம் இல்லை, அடி விழுந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அடிக்கவில்லை. வண்டியை நோக்கிப் போனார். வண்டி முன்கால் இல்லாமல் ஜாக்கியின் மேல் நின்றது.

"சக்கரத்தை மாட்டு!"

"மாட்டுறேன் பெரியவரே. கை நடுங்குது. கொஞ்சம் உட்காருங்க."

"ஜுமாஷ், நீ ஒரு நாய்!"

"அப்ப நானும் உங்களுக்குச் சொந்தம்தான்."

புருலால் அடக்க முடியவில்லை. கணினியின் மேல் கவிழ்ந்து சிரித்தாள். பெரியவர் அவளையே பார்த்தார். அவள் சிரித்து அவர் பார்த்துப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். சாட்டை மெல்லக் கீழே இறங்கியது.

சத்தம் கேட்டு மெலிஸ் இறங்கி வந்தான். திரையைப் பார்த்தான். என்மேல் பாய்ந்தான். "பெரிய மனுஷனை இப்படியாண்ணே அவமானப்படுத்துறது? யார் கேட்டா உங்களை?" அவரிடம் திரும்பிக் குனிந்தான். "மன்னிச்சிடுங்க. இது என் தப்பு, என் நிரலோட தப்பு. நீங்க என்ன சொன்னாலும் நான் இதைச் சரி பண்ணித்தான் ஆகணும். நாளைக்கு இன்னொரு வீட்டுல இது இன்னொரு கல்யாணத்தைக் கெடுக்கும். மேல புதுசா எழுதி வச்சிருக்கேன். தெரியாதவங்க ஒவ்வொருத்தருக்கும் தனி அடையாளம். பார்க்குறீங்களா?"

அவர் மறுபடி பேருந்து இருக்கையில் உட்கார்ந்தார். மெலிஸ் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். முதலில் அவருடைய மச்சான் மகனின் விஷயத்தைத் தட்டிக் காட்டினான். அது முன்பு போலவே 'பொது மூதாதை உண்டு' என்றது. பெரியவரின் தோள் சற்று தளர்ந்தது. பிறகு தன்னையும் புருலையும் தட்டினான்.

'தெரியாது' என்று வந்தது.

"என்னடா இது?" என்றேன். "இல்லைன்னுல்ல வரணும்?"

"இல்லைன்னு எப்படிண்ணே சொல்றது? அவங்க தாத்தாவோட அப்பா யாருன்னு தெரியாது. என் அப்பா யாருன்னு தெரியாது. தெரியாத ரெண்டு பேரு வேற வேற ஆளுன்னும் சொல்ல முடியாது."

ஒஸ்மோனாலி முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தார். "இதை இல்லைன்னு சொல்ல வைக்க முடியுமா உன்னால?"

"ஒரு வரி எழுதினா போதும்."

"எழுதினா உனக்கு நல்லதுதானே?"

"எனக்கு நல்லதுதான்." அவன் கை, காற்றடிக்கும் இயந்திரத்தின் குழாயை முறுக்கிக்கொண்டிருந்தது. "ஆனா அப்படி எழுதினா, நிஜமாவே அண்ணன் தம்பி பிள்ளைங்களைக்கூட ஒரு நாள் இது சேர்த்து வச்சுடும்."

"நீ என் சொந்தமா இருக்கவும் கூடும்?"

"கூடும்."

"இல்லாமலும் போகலாம்?"

"போகலாம்."

நான் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து மாட்ட ஆரம்பித்தேன். ஒவ்வொரு திருகாக இறுக்கினேன். இரண்டாவது சக்கரமும் ஏறிவிட்டது. இறக்கிவிட்டால் அவர் போய்விடலாம், அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் இறக்காமல், இறுக்கின திருகையே மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தேன்.

"என் அம்மாவோட அப்பன் பெரிய குடும்பம்" என்றார் பெரியவர், யாரையும் பார்க்காமல். "ஏழு இல்லை, பத்துப் பதினைஞ்சு அப்பன் சொல்லுவான். வழியில கிடந்த பையன் பெண் கேட்டு வந்தப்ப, உன் அப்பன் யாருன்னான். என் அப்பா தெரியாதுன்னாராம். இடையன் வரிசையைச் சொல்லியிருக்கலாம், சொல்லலை. தெரியாதுன்னுதான் சொன்னாராம்." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அப்புறமும் பொண்ணு கொடுத்தான். அதனாலதான் நான் இருக்கேன். சபையில இதை நான் சொன்னதே இல்லை."

புருல் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"மச்சான் வீட்டுக்கு நானே போய்ச் சொல்றேன். அவங்களுக்கு 'உண்டு', இவங்களுக்குத் 'தெரியாது'. ரெண்டும் வேற. திட்டினா வாங்கிக்கிறேன்." மெலிஸ் பக்கம் திரும்பினார். "இந்த இயந்திரம் உனக்காக ஒரு பொய்கூடச் சொல்ல மாட்டேங்குது. நல்ல முட்டாளா பார்த்துத்தான் பிடிச்சிருக்கா."

"பெரியப்பா!" என்றாள் புருல்.

"கத்தாதே. கல்யாணத்துல இவனுக்கு அப்பன் இடத்துல நிக்க ஆள் வேணும். யார் இருக்கா?"

எங்கள் கல்யாணங்களில் அப்பன் இருக்கிறவனுக்கும் ஒரு நிற்கும் அப்பன், ஒரு நிற்கும் அம்மா வைப்போம். சண்டை வந்தால் ஓடிப்போக ஒரு வீடு. நல்ல பெயர் வாங்கினவர்களைத்தான் கூப்பிடுவார்கள். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் மொய்னோக்கைப் பார்த்தேன்.

"அதைச் சொல்லலை. உன்னைத்தான் சொல்றேன்."

"இப்பதானே நாய்ன்னீங்க?"

"அதை வாபஸ் வாங்கலையே! வண்டியை இறக்கு."

முதல் பனி, கல்யாணத்துக்கு முந்திய நாளே விழுந்துவிட்டது. அத்தை மகள் தனியாகப் பேருந்து ஏறினாள்.

விருந்தில் இறைச்சியை மரியாதைப்படி பிரித்தார்கள். எந்த எலும்பு யாருக்கு என்று எங்களில் ஒரு ஒழுங்கு உண்டு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவனுக்கு வர வேண்டிய இடுப்பு எலும்பு என் தட்டில் வந்து விழுந்தது. வாழ்நாளில் அந்த எலும்பை யாரும் எனக்கு வைத்ததில்லை. கலிபா என் முழங்கையை இடித்து, "சிந்தாம சாப்பிடுங்க" என்றாள்.

மெலிஸ் விருந்தாளிகளுக்கு நடுவில் அலைந்துகொண்டிருந்தான். உட்காரவைக்கப் பார்த்துப் புருல் தோற்றுப்போனாள். சுற்றிச் சுற்றி வந்து என் காதருகே குனிந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. நிரல்ல அப்பா இடத்துல உங்க பெயரைப் போடலை. அங்க அந்த அடையாளம்தான் இருக்கும்."

"போட்டாத்தான் உதைப்பேன்" என்றேன். "என்னிக்காவது அந்த ஆளு வந்துட்டா?"

அவன் வாசலைப் பார்த்தான். அங்கே பனிதான் விழுந்துகொண்டிருந்தது. எலும்பில் கறி மிச்சம் இருக்கிறதா என்று என் தட்டை ஒரு முறை பார்த்தான். பிறகு நகர்ந்துவிட்டான்.

நான் சப்பி முடித்துக் கீழே வைத்த எலும்பை ஒஸ்மோனாலி எட்டி எடுத்தார். வாசலில் காத்திருந்த மொய்னோக்குக்கு அதை வீசினார்.

"இந்தா சித்தப்பா, நீயும் சாப்பிடு."